போலிங்கா, இன்டரப்டா, டிஎம்ஏவா?

சென்சார் அளவுகளை வாங்கும் டேட்டா கார்டிலிருந்து கணினி அவற்றை எடுத்துக்கொள்ளும் மூன்று வழிகள் இவை. எதை எங்கே போடுவது என்பதை ஒரு தப்பிலிருந்து கற்றோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. அங்கே உலை வெப்பநிலையைப் பதிவு செய்ய எழுதிய நிரலையே பேரிங் அதிர்வுச் சோதனைக்கும் எடுத்துப் போட்டோம். 8 சேனல், சேனலுக்கு நொடிக்கு 1 லட்சம் சாம்பிள் (ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்), மொத்தம் 8 லட்சம். கிராஃப் நன்றாகத்தான் வந்தது. ஆனால் டாக்கோமீட்டர் (சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) காட்டிய வேகம் ஒன்று, ஸ்பெக்ட்ரத்தில், அதாவது அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்த கிராஃபில், சிகரம் நின்ற இடம் வேறு. கார்டைச் சந்தேகப்பட்டே இரண்டு நாள் போனது. கார்டில் தப்பே இல்லை. கணினி வந்து எடுப்பதற்குள் அதன் ஃபைஃபோ (சாம்பிள்கள் வரிசையாகக் காத்திருக்கும் சின்ன மெமரி) நிரம்பி வழிந்திருக்கிறது. 'டேட்டா வழிந்துவிட்டது' என்று டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுத்த ஓவர்ரன் பிழையை எங்கள் நிரல் எங்கும் குறித்து வைக்காமல் அழித்துவிட்டு ஓடியிருக்கிறது. நடுவில் விட்டுப்போய், மிஞ்சிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் நேரமே சுருங்கிப்போனது.

அந்த நிரல் போலிங்கில் ஓடியது. 'டேட்டா வந்ததா, வந்ததா' என்று நிரலே கார்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் முறை. உலைக்கு நொடிக்கு ஒரு அளவு போதும் என்பதால் அங்கே இதைவிட எளிது வேறில்லை. ஒரு அளவை எடுத்து, கணக்குப் போட்டு, உடனே வால்வைத் திருப்பும் கட்டுப்பாட்டு வேலைக்கும் இது நல்லது, ஏனென்றால் பஃபர் (டேட்டாவைச் சேர்த்துவைக்கும் மெமரி) நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். அதிர்வு அப்படியில்லை. 4096 சாம்பிள் பிடிக்கும் ஃபைஃபோ 8 லட்சம் வேகத்தில் 5 மில்லிநொடியில் நிரம்பிவிடும். விண்டோஸின் வழக்கமான டைமர் டிக்கே (அது நேரத்தை எண்ணும் இடைவெளி) 15.6 மில்லிநொடி. நம் நிரலை அது ஒருமுறை ஓரமாக உட்காரவைத்தால் போதும், டேட்டா போச்சு.

இன்டரப்டில் டேட்டா தயாரானதும் கார்டே சிபியுவைக் கூப்பிடும், தண்ணீர் லாரியின் ஹாரன் மாதிரி. வாசலில் நிற்க வேண்டாம், சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடினால் போதும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஹாரன் என்றால் நொடிக்கு 8 லட்சம் தடவை, அது நடக்காது. ஃபைஃபோ பாதி நிரம்பியதும் என்றால் நொடிக்குச் சுமார் 390 தடவை. இது ஓடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டரை மில்லிநொடிக்குள் அள்ளத் தொடங்க வேண்டும், அள்ளுவதும் சிபியுதான். வேறொரு டிரைவர் தாமதப்படுத்தினால் பழைய கதைதான். நடுத்தர வேகத்துக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

டிஎம்ஏவில் (டைரக்ட் மெமரி ஆக்செஸ்) லாரிக் குழாயை நேராக சம்பில் விட்டுவிடுகிறோம். கார்டே மெமரியில் எழுதிக்கொள்ளும், ஒரு பிளாக் முடிந்தால் மட்டும் சிபியுவுக்குச் சொல்லும். 10 நொடிக்கு வட்ட பஃபர் (முடிவுக்கு வந்ததும் முதலிலிருந்து திரும்ப எழுதுவது) வைத்தாலும், சாம்பிளுக்கு 2 பைட் என்றால் சுமார் 16 எம்பிதான். குறையும் உண்டு: பிளாக் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தாமதமாகத்தான் டேட்டா கைக்கு வரும். அதனால் கட்டுப்பாட்டு வேலைக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது.

ரிச்சி தெருவில் வாங்கும் சின்ன யுஎஸ்பி மாட்யூல்களுக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கேள்வி-பதிலுக்கும் பெரும்பாலும் 1 மில்லிநொடி அளவு போய்விடும். ஒவ்வொன்றாகக் கேட்காமல் மொத்தமாக ஸ்ட்ரீம் செய்ய விடுங்கள்.

அப்புறம் எங்கள் அதிர்வுச் சோதனை மேடையை டிஎம்ஏவுக்கு மாற்றி, ஒரு தடவைக்கு 80,000 சாம்பிளாகப் படிக்க வைத்தோம். ஓவர்ரன் வந்தால் பதிவு அந்த இடத்திலேயே நிற்கும்படியும் செய்தோம். சிகரமும் டாக்கோமீட்டரும் இப்போது ஒத்துப்போகின்றன. உலை மட்டும் போலிங்கிலேயே ஓடுகிறது, அதை மாற்ற அவசியமில்லை.