"பாரமே தெரியாது" என்று சொல்லி விற்கப்படும் கைத்துப்பாக்கிகள்: வாங்கும் முன் கவனிக்க

அமெரிக்காவில் சட்டப்படி உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. பல கடைகளில் ஒரே ஏமாற்று வேலைதான் நடக்கிறது. "பாரமே தெரியாது, பாக்கெட்டிலேயே போட்டுக்கலாம்" என்று இருப்பதிலேயே எடை குறைந்ததைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். வாங்கிப்போனதைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை. எடுத்தாலும் பழைய பொருளுக்கான விலைதான்.

பெண்கள் போனால் இன்னும் மோசம். கேட்காமலே ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைப்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி மாதிரியானவை 350 கிராம்கூட இருக்காது. ஆனால் ட்ரிகரை இழுக்க 5 கிலோ அளவுக்கு விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போலப் பல மடங்கு விசையில் விரல் இழுக்கும்போது குழல் ஆடாமல் இருக்காது. அதில் .357 மேக்னம் என்ற வீரியமான தோட்டாவைச் சுட்டால் வரும் உதையை அனுபவசாலிகளே சில ரவுண்டுக்கு மேல் தாங்க மாட்டார்கள். உள்ளங்கை வலிக்குப் பயந்தே பலர் பழகுவதை விட்டுவிடுகிறார்கள்.

கடையில் சொல்லாத இன்னொரு கோளாறும் உண்டு. அந்த உதையில் துப்பாக்கி சட்டென்று பின்னால் போகும். அடுத்த அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் ஈயமுனை கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது, அங்கேயே பூட்டிக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: ஐந்து தோட்டா போட்டு நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை வெளியே எடுத்து, புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. அதே துப்பாக்கியில் போடக்கூடிய, வீரியம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டால் உதை குறையும், கட்டுப்பாடும் கூடும்.

குட்டி பிஸ்டல்களில் கோளாறு வேறு மாதிரி. நேரடி பின்தள்ளு முறையில், அதாவது ஸ்லைடைப் பூட்டிவைக்காமல் அதன் எடையையும் ஸ்பிரிங்கையும் மட்டும் நம்பி இயங்கும் .380 தோட்டா பிஸ்டல்களில் ஸ்பிரிங் கடினம், ஸ்லைடை (பின்னால் இழுபடும் மேல்பகுதியை) இழுக்கவே சிரமம். பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் வெற்றுக்கூடு சிக்கிக்கொள்ளும்.

சாவிக்கொத்து அளவு மினி ரிவால்வர்களில் ட்ரிகர் காப்பே கிடையாது. பலவற்றில் மறுபடி நிரப்ப சிலிண்டரையே கழற்ற வேண்டும். டெரிஞ்சர் எனப்படும் இரண்டு குழல் குட்டித் துப்பாக்கிகளில் பழைய வடிவமைப்புகள் கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். இவற்றை முதல் துப்பாக்கியாக விற்பது அநியாயம்.

"அப்படியென்றால் பெரிசு எடுங்க" என்று டாரஸ் ஜட்ஜ் என்ற ரிவால்வரைக் காட்டுவார்கள். .410 ஷாட்கன் தோட்டாவுக்காக நீட்டிய சிலிண்டர் அது. குட்டைக் குழலுக்குள் இருக்கும் சுழல் பள்ளங்கள் அந்தத் தோட்டாவின் சிறு ஈயக் குண்டுகளைச் சுழற்றி அகலமாகச் சிதறடிக்கும். தடிமனான சிலிண்டர் சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரியும்.

எது மறையும், எது மறையாது என்பதிலும் தவறாகவே வழிகாட்டுகிறார்கள். இடுப்புக்குள் செருகினால் குழல் கால்சட்டைக்குள் போய்விடும். குனியும்போது காட்டிக்கொடுப்பது பிடியின் அடிப்பகுதிதான். அதனால் குழல் நீளத்தைப் பார்த்து மயங்காமல் பிடியின் உயரத்தை அளந்து பாருங்கள். 2018இல் வந்த சிக் சாவர் பி365 சுமார் அரைக் கிலோ எடையில், மேகசினில் 10 தோட்டா கொள்கிறது. இந்த அளவில் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம்.

இலவசமாகத் தரும் துணி ஹோல்ஸ்டரை வாங்கவே வேண்டாம். துப்பாக்கியை உருவியதும் வாய் மடிந்துவிடும். திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு ட்ரிகரில் மாட்டினால் சுட்டுவிடும், சுடுவது உங்கள் தொடையை. ட்ரிகர் முழுவதையும் மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைதான் தேவை. பாக்கெட்டில் வைத்தாலும் உறை கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவி, பேனா எதுவும் இருக்கக்கூடாது.

பணம் கட்டும் முன் அதே மாடலை ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) வாடகைக்கு எடுத்து, ஒரு பெட்டி, அதாவது 50 ரவுண்டு, சுட்டுப் பாருங்கள். பழையது வாங்கினால் சீரியல் எண்ணை வைத்து நிறுவனத்தின் திரும்பப்பெறுதல் அறிவிப்புகளைச் சரிபாருங்கள். சிக் சாவர் பி320க்கு, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடிய கோளாறுக்காக, 2017 ஆகஸ்டில் நிறுவனமே இலவச மேம்படுத்தலை அறிவித்தது. அதைச் செய்யாத துப்பாக்கி எதையும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.