ஸ்பைருலினா நீலமா, டுனாலியெல்லா ஆரஞ்சா?

பாசி நிறமி எடுக்க முனையும் டெல்டா நண்பர்கள் பலர் இவ்விரண்டு நுண்பாசிகளுக்கும் நடுவே தயங்குகிறார்கள்.

வளர்ப்பு: ஸ்பைருலினாவுக்குச் சமையல் சோடா கரைத்த காரநீர்த் தொட்டி தஞ்சாவூரிலும் அமையும், டுனாலியெல்லாவுக்கு வேதாரண்யம் உப்பளத்தைப் போன்ற அடர்ந்த உப்புநீர் வேண்டும்.

பிரித்தல்: ஸ்பைருலினாவை உறையவைத்து உருக்கினால் செல்கள் உடைந்து, நீல நிறமியான பைக்கோசயனின் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது, வடித்த நீரைக் கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலமாகவும், பக்கவாட்டில் பார்த்தால் செம்மையாகவும் ஒளிரும் அந்தக் காட்சி எனக்கு இன்னும் சலிக்கவில்லை. டுனாலியெல்லாவுக்குக் கெட்டியான செல்சுவர் இல்லாததால் அது எளிதில் உடையும். ஆனால் அதன் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் நீரில் கரையாது, எண்ணெய் போன்றவற்றில்தான் கரையும்.

நிலைப்பு: 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நீலம் விரைவில் வெளுக்கும் என்பதால், சித்திரை வெயிலில் பாசியைக் காயவைப்பது பெருந்தவறு. கரோட்டின் சூட்டை ஓரளவு தாங்கும். காற்றும் ஒளியும்தான் அதற்குப் பகை.

ஐஸ்கிரீமுக்கு நீலமும், வெண்ணெய் சேரும் பண்டங்களுக்கு ஆரஞ்சும் பொருந்தும். உப்பளம் கைவசம் இல்லாதவர்கள் ஸ்பைருலினாவிலேயே தொடங்கலாம்.