சின்னக் கவுண்டியில் வாரண்ட் தேடுவது: எந்தச் சேவை தேறும், எது காசுக்குக் கேடு

அமெரிக்காவில் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) மூவாயிரத்துக்கும் மேல். டெக்சாஸில் மட்டும் 254. அதில் ஒன்றான லவிங் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 64 பேர். இப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் பெயரில் வாரண்ட் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சேவைகளைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொதுமக்கள் பார்க்கக்கூடிய, நாடு முழுவதற்குமான வாரண்ட் பட்டியல் என்று எதுவும் கிடையாது. எஃப்.பி.ஐ 1967 முதல் நடத்தும் என்.சி.ஐ.சி (தேசியக் குற்றத் தகவல் மையம்) தரவுத்தளம் போலீஸ் வட்டாரத்துக்கு மட்டும். எல்லா வாரண்டும் அதில்கூட ஏறுவதில்லை. சில்லறைக் குற்றங்களுக்கானவை பல கவுண்டியோடு நின்றுவிடும். ஆகவே 'நாடு தழுவிய வாரண்ட் தேடல்' என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது வேறு சரக்கு.

அந்தச் சரக்கையே முதலில் பார்க்கலாம், ஏனென்றால் கவுண்டி பெயரோடு வாரண்ட் என்று தேடினால் மேலே வந்து நிற்பவை இந்தக் கட்டணத் தளங்கள்தான். பெயரை அடித்ததும் ஒரு பட்டை மெல்ல நகரும், 'கைது ஆவணங்கள் அலசப்படுகின்றன' என்று எழுத்து ஓடும், கடைசியில் கார்டு நம்பர் கேட்கும். இவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கோர்ட்டுகளிடமும் இடைத்தரகர்களிடமும் மொத்தமாக வாங்கிய தரவு. சின்னக் கவுண்டி கோர்ட்டில் மொத்தமாக விற்கும்படி கணினித் தொகுப்பே இருக்காது. அதனால் அங்கே 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தால், அவர்கள் அந்த ஊர்ப்பக்கம் போனதே இல்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாம். தரவு இருந்தாலும் அது வாங்கிய நாளோடு நின்றுவிட்டது: ரத்தான வாரண்ட் உயிரோடு தெரியும், நேற்றுப் போட்டது தெரியாது. ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் ஆகிய இரண்டு தளங்கள் மீதும் நுகர்வோர் நலன் பார்க்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.சி தொடுத்த வழக்கு 2023இல் 58 லட்சம் டாலரில் முடிந்தது. வெறும் போக்குவரத்து டிக்கெட் இருந்தவரைக்கூட குற்றப்பதிவு உள்ளவர்போல் காட்டி சந்தா கட்ட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. வாரண்ட் பார்க்க இந்த வகைத் தளங்களுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) அலுவலக வலைப்பக்கம் பரவாயில்லை, பார்க்கத் தெரிந்தால். சில கவுண்டிகள் வாரண்ட் பட்டியலை பி.டி.எஃப் கோப்பாகப் போடுகின்றன. பெயரைத் தேடுவதற்கு முன் கோப்பின் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் பழசாக இருந்தால் மூடிவிடலாம். 'தேடப்படுபவர்கள்' பக்கம் பொறுக்கி எடுத்த பத்துப் பன்னிரண்டு முகங்கள், முழுப் பட்டியல் அல்ல. ஜெயில் ரோஸ்டரையும் இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு; அது உள்ளே இருப்பவர்களின் கணக்கு. இன்னொரு ஓட்டை: ஷெரிஃப் கையில் உள்ள வாரண்டுகள்தான் அங்கே வரும், நகராட்சி கோர்ட் போட்டது வராமல் போகலாம். புதிதாகப் போட்ட பெருங்குற்ற வாரண்டை ஆள் சிக்கும்வரை வெளியிடவும் மாட்டார்கள். டெக்சாஸ் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது: குற்றவியல் நடைமுறைச் சட்டம் 15.26 பிரிவுப்படி, வாரண்ட் நிறைவேற்றப்பட்ட கணத்திலிருந்துதான் அதன் நகலையும் பிரமாணப் பத்திரத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும்.

இலவசச் சேவைகளில் உருப்படியானவை மாநில அளவிலான தளங்கள். யூட்டாவில் பொதுப் பாதுகாப்புத் துறையே மாநிலம் முழுவதற்கும் வாரண்ட் தேடல் வைத்திருக்கிறது. ஃப்ளோரிடாவில் மாநிலக் காவல் துறையான எஃப்.டி.எல்.இயின் தளத்தில் தேடப்படுவோர் பகுதி உண்டு; வாரண்ட் போட்ட அலுவலகத்திடம் உறுதிசெய்துகொள்ளவும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள், அதை அப்படியே கடைப்பிடியுங்கள். மற்ற மாநிலங்களில் கிடைப்பது வழக்குத் தேடல்: ஓக்லஹோமாவின் 77 கவுண்டிகளுக்கு ஓ.எஸ்.சி.என், மிசௌரிக்கு கேஸ்நெட், விஸ்கான்சினுக்கு டபிள்யூ.சி.சி.ஏ, இந்தியானாவுக்கு மைகேஸ்.

இவற்றில் 'வாரண்ட்' என்று பொத்தான் தேடி ஏமாறாதீர்கள். வழக்கைத் திறந்து, டாக்கெட் எனப்படும் நடவடிக்கைக் குறிப்பை தேதி வாரியாகப் படிக்கவேண்டும். 'பெஞ்ச் வாரண்ட் இஷ்யூடு' (நீதிபதி வாரண்ட் போட்டார்) என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பிறகு 'ரீகால்டு' (திரும்பப் பெறப்பட்டது), 'குவாஷ்டு' (ரத்தானது), 'சர்வ்டு' (நிறைவேற்றப்பட்டது) என்று ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் அது உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் ஆகியிருந்தாலும் சரி. பொதுவாக வாரண்டுக்குக் காலாவதி இல்லை. டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் 'கேபியஸ்' என்ற சொல்லும் இதே வேலையைச் செய்யும். டெக்சாஸில் 'கேபியஸ் ப்ரோ ஃபைன்' என்றிருந்தால் தீர்ப்பாகி அபராதம் கட்டாமல் விட்ட வழக்கு. நகராட்சி கோர்ட்டுகள் பல இந்தத் தளங்களில் சேரவில்லை, ஆக இங்கே இல்லை என்பது எங்கேயும் இல்லை என்று ஆகாது.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்களுக்கு அடி விழுகிறது. அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' (முதல் பெயர் தெரியாது) என்றும் பதிவாகியிருக்கும். டிக்கெட் எழுதிய டெபுட்டி (ஷெரிஃபின் போலீஸ்காரர்) லைசென்ஸில் உள்ளபடி அடித்திருப்பார், அல்லது அவசரத்தில் இரண்டையும் மாற்றியிருப்பார். எனவே பெயர் முன்பின்னாக இரண்டு முறை, நீண்ட பெயர் என்றால் முதல் நாலைந்து எழுத்து மட்டும் போட்டு ஒரு முறை, பிறந்த தேதியோடு ஒரு முறை தேடுங்கள். டிக்கெட் கையில் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அதில் உள்ள எண்ணும் கோர்ட்டின் பெயரும் போதும்.

எல்லாவற்றையும்விட மேலானது கோர்ட் பதிவேடுகளை வைத்திருக்கும் கோர்ட் கிளார்க்குக்கு ஒரு போன். சின்னக் கவுண்டியில் வழக்குக் கட்டு அந்த அம்மையாரின் மேசைக்குப் பின்னாலேயே இருக்கும், ஐந்து நிமிடத்தில் பதில் வரும். ஆனால் சரியான கிளார்க்காக இருக்கவேண்டும். டெக்சாஸை எடுத்துக்கொண்டால் வேகமாக ஓட்டிய டிக்கெட் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சிறுவழக்குக் கோர்ட்டுக்குப் போகும், ஏ, பி வகுப்புச் சிறுகுற்றம் கவுண்டி கிளார்க்கிடம், பெருங்குற்றம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். 8,000 பேருக்குக் குறைந்த கவுண்டியில் இந்த இரண்டு கிளார்க் பதவியையும் ஒருவரே வகிக்கலாம், அது ஒரு வசதி. மதிய உணவு நேரத்தையும் கோர்ட் கூடும் நாளையும் தவிர்த்துக் கூப்பிடுங்கள். "வாரண்ட் இருக்கா?" என்று நேரே கேட்டால் பலர் ஷெரிஃபிடம் தள்ளிவிடுவார்கள். வழக்கு திறந்திருக்கிறதா, கடைசி டாக்கெட் பதிவு என்ன, அடுத்த வாய்தா எப்போது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் விஷயம் தானாக வெளிவரும். சட்ட ஆலோசனை கேட்காதீர்கள், அவர்கள் தரக்கூடாது.

ஷெரிஃப் அலுவலக கவுண்டருக்கு நேரில் போய் சொந்தப் பெயரைக் கேட்பது வேறு கதை. வாரண்ட் இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். வெள்ளி மாலை போனால் நீதிபதி கிடைக்கும்வரை உள்ளே இருக்க நேரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் அந்தக் கவுண்டியில் வழக்கமாக ஆஜராகும் வக்கீல் ஒருவரை விட்டு விசாரிப்பதுதான் புத்தி.

எழுத்து மூலம் கேட்கும் வழி மெதுவானது, பதிவு வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். எஃப்.ஓ.ஐ.ஏ (தகவல் சுதந்திரச் சட்டம்) என்று தலைப்புப் போட்டு அனுப்பினால் வேலைக்காகாது. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான சட்டம். அந்தந்த மாநிலச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். ஜார்ஜியாவில் பதில் தர 3 வேலைநாள். டெக்சாஸில், தர மறுக்க நினைத்தால் அட்டர்னி ஜெனரலிடம் 10 வேலைநாளுக்குள் அனுமதி கேட்கவேண்டும். மத்திய வழக்கு என்றால் கவுண்டியில் தேடிப் பயனில்லை, மத்திய கோர்ட்டுகளின் பேசர் தளம்தான்: பக்கத்துக்கு 10 சென்ட், ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை.

'ஜூரி வேலைக்கு வராததால் வாரண்ட், உடனே கிஃப்ட் கார்டில் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். எந்த ஷெரிஃபும் அப்படி வசூலிப்பதில்லை.

வாரண்ட் ரத்தானால், கிளார்க்கிடம் ரத்து உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி காரில் வையுங்கள். வேறு ஊர் போலீஸ் வண்டியை நிறுத்தி, என்.சி.ஐ.சியில் பெயர் சிக்கினால், வாரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அதைப் போட்ட அலுவலகம் அவசரமென்றால் 10 நிமிடத்திலும் மற்றபடி ஒரு மணி நேரத்திலும் உறுதிசெய்யவேண்டும். அதற்கு டிஸ்பாட்சர் (அங்கே ரேடியோ, போன் கவனிப்பவர்) பார்ப்பது அலுவலகக் கோப்பை. ரத்து உத்தரவு கோர்ட்டிலிருந்து அந்தக் கோப்புக்கு வந்துசேரத் தாமதமாகியிருந்தால், காரில் உள்ள அந்த ஒற்றைத் தாள்தான் பேசும்.