வான்கோழிக்கு ஒரு தெர்மாமீட்டர்: பல வருடம் புழங்கிய பிறகு

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் நவம்பர் நான்காவது வியாழன், அதாவது தேங்ஸ்கிவிங் அன்று, முழு வான்கோழி சமைப்பது என் பொறுப்பு. அக்கா குடும்பம், மாமியார், மச்சினர், பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். இந்தச் சமையலுக்காக வாங்கிய சாமான்களில் நான் மனதார மெச்சுவது கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரைத்தான்.

ஊசியை நெஞ்சுக்கறியின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் குத்திவிட்டால் போதும், கம்பி ஓவன் கதவிடுக்கு வழியாக வெளியே வந்துவிடும், கறியின் சூட்டை வெளியே உள்ள சின்னத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு 165 டிகிரி ஃபாரன்ஹீட். அதைத் தாண்டத் தாண்ட நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும், தொடையோ 175 வந்தால்தான் பதமாகும். வெந்துவிட்டதைக் காட்டவென்று சில கடைகளில் பறவையிலேயே குத்தி விற்கும் பிளாஸ்டிக் குமிழை நம்பினால் அது மேலே எழும்புவதற்குள் நெஞ்சு காய்ந்திருக்கும்.

நெஞ்சும் தொடையும் ஒரே நேரத்தில் பதமாக வேண்டும் என்பதால் முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, பறவையை விரித்து அழுத்தித் தட்டையாக்கி, 425 டிகிரியில் வைக்கிறேன். தொடைக்கும் நன்றாகச் சூடு ஏறும், 14 பவுண்டு பறவை ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். நெஞ்சு 160 தொட்டதும் வெளியே எடுத்து ஊசியை உருவாமல் அப்படியே விட்டால், உள்ளே இருக்கும் சூட்டிலேயே 165 ஏறுவதைத் திரையில் பார்க்கலாம். தோலுக்கு அடியில் வெண்ணெயோடு இடித்த மிளகு, பூண்டு, கறிவேப்பிலை. உப்பு மட்டும் உறையைப் படித்துவிட்டுப் போடுங்கள், உறைய வைத்து வரும் பறவைகளில் பலவற்றில் ஏற்கெனவே உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். முன்பெல்லாம் தொடை மட்டும் கேட்ட மாமியார் இப்போது நெஞ்சுத் துண்டையும் கேட்டு வாங்குகிறார், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்!

உறைந்த பறவை இளகுவதற்கு மட்டும் இந்தக் கருவி உதவாது. நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்து ஞாயிறே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும்.

குறை என்றால் ஊசிதான். கழுவும்போது கம்பி சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கி, ஒரு வருடம் பறவையை உள்ளே வைத்த கொஞ்ச நேரத்திலேயே 200 காட்டியது. ஊசிக்கு உத்தரவாதம் இல்லை என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அப்புறம் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. முந்தின நாளே ஐஸ் தண்ணீரில் போட்டு 32 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வாங்குகிறவர்கள் ஊசி தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து, கையோடு இன்னொரு ஊசியும் வாங்கி வைத்துவிடுங்கள், விருந்தன்று பல கடைகள் மூடியிருக்கும்.