கீழக்கரை பக்கம் 'பசுமை விடுதி' தேடும் பெற்றோர் கவனத்துக்கு

கீழக்கரை பக்கம் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

"மாணவர்களுக்கென்றே கட்டினது, வெயில் உள்ளே இறங்காது, கரண்ட் பில் பாதிதான் வரும்" என்று சொல்லி, மற்ற விடுதிகளைவிட மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கும் இடத்தில் என் மகனைச் சேர்த்தோம். கரண்டுக்குத் தனிக் காசு, அறைக்கு அறை சப் மீட்டர்.

மேல்மாடி அறை. மேற்குச் சுவர் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. தெற்கே கடல், சோழகக் காற்று நன்றாக வீசும் ஊர். அந்தப் பக்கம் ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. அவனோடு தங்கிய அன்று, ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லை. மொட்டை மாடியில் தட்டோடு கிடையாது, வெள்ளை பெயின்ட் கிடையாது, வெறும் கான்கிரீட். பகலில் வாங்கிய சூட்டை விடிய விடிய அறைக்குள் இறக்குகிறது. பிள்ளைகள் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிறார்கள். பரீட்சைக்கு எப்படிப் படிப்பார்கள்?

அப்புறம் ஃபேன். கரண்டை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் என்றார்கள். ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டிக்கரைப் பார்த்தால் 75 வாட்ஸ். பிஎல்டிசி என்றால் ஏறக்குறைய 30 வாட்ஸில் ஓட வேண்டும். விளம்பரத்தில் காட்டிய சோலார் பேனல் மாடியில் நிற்கிறது. உப்புக்காற்றில் போல்ட்டெல்லாம் துரு. கீழே வர வேண்டிய ஒயர் பாதியில் அறுந்து, முனையில் டேப் சுற்றித் தொங்குகிறது. "நான் வேலைக்கு வந்தப்பவே அப்படித்தான் சார் கிடக்கு" என்றார் வார்டன்.

இதெல்லாம் செய்ய முடியாத காரியமில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE) 2018இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடு கட்டும் விதிமுறையில், நம்மைப் போன்ற புழுக்கமான கடலோரத்து வீடுகளுக்குத் திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஏசி இல்லாமலே காற்று ஓடத்தான் அந்தக் கணக்கு.

விடுதி பார்க்கப் போனால் காலையில் போகாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல்மாடி அறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சன்னலைத் திறந்து பாருங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சோலார் என்றால் ஈபி பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் "வருஷ முடிவில் பார்க்கலாம்" என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். நகரவில்லை என்றால் அடுத்தது ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே விடுதியில் பிள்ளையை விட்டவர்கள் இருந்தால் ரசீதோடு வாருங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.