ஒரு சீட்டுகூட இல்லாமல் அனுப்பிவிட்டார்கள்: விபத்தில் அடிபட்டவரோடு போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் செக்கானூரணி தாண்டி மதுரை-தேனி ரோட்டில் எங்கள் மாமாவின் எக்ஸ்எல் வண்டியைச் சரக்கு வேன் ஒன்று இடித்துவிட்டது. தலையில் அடி, காதில் ரத்தம். அங்கிருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி, வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நானும் அத்தையும் போய்ச் சேர மாலை 6 மணி ஆகிவிட்டது.

முதலில் 15,000 கட்டச் சொன்னார்கள். கையில் இருந்தது, ஜிபேயில் இருந்தது எல்லாம் கட்டினேன். சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் 8 மணி வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. திடீரென்று ஒருவர் வந்து, "மூளையில ரத்தம் கசியுது, இங்க நியூரோ டாக்டர் கிடையாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றார். மதுரை அரசு மருத்துவமனையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். நியூரோ டாக்டர் இல்லாதது குற்றமில்லை. ஆனால் அவர் இல்லை என்பது 6 மணிக்கே அவர்களுக்குத் தெரியும். காதில் ரத்தத்தோடு வந்தவரை இரண்டு மணி நேரம் எதற்காக வைத்திருந்தார்கள்?

அனுப்பிய விதம் அதைவிட மோசம். கழுத்துப் பட்டை போடவில்லை. அவர்களே வரவழைத்த ஆம்புலன்ஸில் டிரைவரைத் தவிர ஆள் இல்லை. சிலிண்டர் இருந்தது, அதைத் திறந்து மாஸ்க் போட்டுவிட ஒரு நர்ஸ் இல்லை. நாகமலை புதுக்கோட்டை பக்கம் மாமா வாந்தி எடுத்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏப்பா, மூச்சு இருக்கா பாரு" என்று கேட்டதை நான் மறக்க மாட்டேன். காளவாசல் சிக்னலில் டிரைவர், "அங்க பெட் கிடைக்காதுண்ணே, தெரிஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, திருப்பட்டுமா?" என்று ஆரம்பித்தார். இரண்டு முறை சத்தம் போட்ட பிறகுதான் வண்டி பெரியாஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையத்துக்குப் போனது.

பெரியாஸ்பத்திரி டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரெஃபரல் லெட்டர் எங்க?" என்ன சிகிச்சை கொடுத்து அனுப்புகிறோம் என்று முதல் ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டிய சீட்டு அது. எங்களுக்குத் தரவே இல்லை. என்ன ஊசி போட்டார்கள், நினைவு எப்போது தப்பியது, பிரஷர் எவ்வளவு இருந்தது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. முதல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்கூடப் போட்டுச் சொல்லியிருக்கவில்லை. மீதி பில்லைக் கட்டினால்தான் தருவோம் என்று ஸ்கேன் ஃபிலிமையும் பிடித்து வைத்திருந்தார்கள். அதனால் மறுபடியும் ஸ்கேன். அன்றிரவே ஆபரேஷன் ஆனது. மாமா பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் சரியாக எழவில்லை.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை, போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோயிருக்கிறார். அதை வைத்து வந்த பரமானந்த் கட்டாரா வழக்கில்தான் 1989-இல் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை தர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவும் விபத்தில் அடிபட்டவரை எந்த நடைமுறைக்காகவும் காக்க வைக்காமல் டாக்டர் உடனே பார்க்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். அன்று கவுன்டரில் நின்றபோது இது எனக்குத் தெரியாது. நீங்கள் போனதும் கேளுங்கள், "நீங்க நம்மைக் காக்கும் 48-ல இருக்கீங்களா?"

வேறு இடத்துக்கு அனுப்புகிறோம் என்றால் ஸ்ட்ரெச்சரைத் தள்ள விடுவதற்கு முன் லெட்டரை வாங்குங்கள். போட்ட மருந்தும் நேரமும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். போகிற இடத்துக்குப் போன் செய்தார்களா, கூட நர்ஸ் வருகிறாரா என்று கேளுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் இருப்பார். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போட்டார்களா என்பதும் முக்கியம். எங்களுக்கு அதுவும் போடவில்லை, பெரியாஸ்பத்திரியில்தான் போட்டார்கள். இன்சூரன்ஸுக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எழுத்தில் கேட்டு, ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன். இன்றோடு 11 நாள் ஆகிறது. நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. நாங்கள் அடுத்த வாரமே போகிறோம்.