கெஸ் த கோரிலேஷன் விளையாட்டு: எட்டாங்கிளாஸ் பசங்களுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் போனைக் கையில் திணித்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் பிள்ளைக்குக் காசு சேரும், கணக்கு சேராது.

பிரௌசரிலேயே ஓடும் இலவச விளையாட்டு இது. பழைய வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமான எழுத்து. திரையில் ஒரு சிதறல் படம் வரும், அதாவது இரண்டு அளவுகளைச் சேர்த்துப் புள்ளி புள்ளியாகக் குறித்த கிராஃப். புள்ளிகளைப் பார்த்து, ஒட்டுறவுக் கெழு எவ்வளவு இருக்கும் என்று 0 முதல் 1 வரை ஓர் எண்ணை அடிக்க வேண்டும். ஒன்று ஏறும்போது இன்னொன்றும் எவ்வளவு ஒட்டி ஏறுகிறது என்று சொல்லும் எண் அது: புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் ஏறினால் 1, அப்படி எந்தப் போக்கும் இல்லாவிட்டால் 0. விடைக்கு 0.05க்குள் வந்தால் ஓர் உயிரும் 5 காசும். 0.10க்குள் என்றால் ஒரு காசு. அதையும் தாண்டினால் ஓர் உயிர் காலி.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒட்டுறவு வருவது பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில். அங்கே பசங்க நேராகச் சூத்திரத்தில்தான் போய் விழுகிறார்கள். என் டியூஷன் எட்டாங்கிளாஸ் கூட்டத்துக்குச் சூத்திரமே தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் ஆடினால் 0.9க்கும் 0.6க்கும் கண்ணாலேயே வித்தியாசம் சொல்கிறார்கள். முதலில் எல்லாரும் குறைத்துத்தான் அடிப்பார்கள். "சும்மா கொட்டி வச்ச மாதிரி இருக்கு மிஸ், 0.2 போடுறேன்" என்பான் ஒருத்தன். விடை 0.47 என்று வரும். அவனைத் திட்ட வேண்டாம், நடுவாந்தர ஒட்டுறவைக் குறைத்து மதிப்பது பெரியவர்களுக்கும் உள்ளதுதான். அதே புள்ளிகளைப் பெரிய அச்சுக்குள் சிறிதாகச் சுருக்கிப் போட்டால் ஒட்டுறவு கூடுதலாகத் தெரிகிறது என்று புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாந்தும் கூட்டாளிகளும் 1982இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சோதித்ததும் புள்ளியியல் படித்தவர்களை.

குறை என்றால், எதிர் ஒட்டுறவு இதில் கிடையாது. ஒன்று ஏற ஏற இன்னொன்று இறங்குவதை நாம்தான் தனியாகச் சொல்லித்தர வேண்டும். போன் பார்த்த நேரம், மிச்சமிருக்கும் பேட்டரி என்று ஆரம்பித்தால் பசங்க அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல், அச்சுகளுக்குப் பெயரே இல்லாதது. எதற்கும் எதற்கும் ஒட்டுறவு? அதனால் ஆட விடுவதற்கு முன்பே ஒவ்வொருவர் உயரத்தையும், இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்தையும் டேப்பால் அளந்து கிராஃப் தாளில் குறிக்க வைத்துவிடுவேன். ஆடி முடித்ததும் ஒரு கேள்வி: ஒண்ணாங்கிளாஸ் முதல் எட்டாங்கிளாஸ் வரை பார்த்தால், செருப்பு சைஸ் பெரிசா இருக்கிற பிள்ளை வேகமா வாசிக்குது, ஏன்?

"அப்போ எங்கப்பா செருப்பைப் போட்டுக்கிட்டுப் பரீட்சைக்குப் போகலாமா மிஸ்?" என்று ஒரு குரல் வரும். "லூசு, வயசு கூடுதுடா, அதான் ரெண்டும் கூடுது" என்று பின்வரிசையிலிருந்து இன்னொன்று. இந்தச் சண்டைக்குத்தான் நான் காத்திருப்பேன். விளையாட்டுக்குள் இதற்கு இடமே இல்லை.

தசமம் சரியாக வராத பிள்ளைக்கு இப்போது வேண்டாம். 0.6க்கும் 0.06க்கும் வித்தியாசம் தெரியாமல் ஆடினால் மூன்றே படத்தில் உயிர் போய்விடும், அப்புறம் அழுகை.